ஒரு கை நெல்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இப்போது பாங்க்கில் வேலை பார்க்கிற ஒருவர் குடியிருக்கிறார். மனைவி, ஒரு கைக்குழந்தை. நல்ல மனிதர்கள். டிவி சத்தம்கூட வெளியே வராது. கீழே தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, மேலே நடக்கிறார்களா, படுத்திருக்கிறார்களா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்றே தெரியாது. வீடு வைத்திருக்கிற எவரும் கும்பிட்டு வரவேற்கிற ஆட்கள்தான். எனக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. மேலே ஆள் இருந்தால் சத்தம் கேட்க வேண்டும்.

இவர்களுக்கு முன்னால் இரண்டே கால் வருஷம் அங்கே குடியிருந்தவர் நடந்தால் கேட்கும். ஆள் குள்ளம். ஐந்தடிக்கு நாலு விரல்கடை குறைவு. ஆனால் குதிகாலை ஊன்றித்தான் நடப்பார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, இப்போது சமையல்கட்டு, இப்போது பாத்ரூம், இப்போது மொட்டைமாடிப் படி என்று நான் சொல்லிவிடுவேன். அந்தப் படியில் அவர் கால் பட்டதென்றால் மணி ஐந்தே முக்கால். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் கடிகாரம் பார்த்ததில்லை.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். “எதுக்குக்கா?” என்று மட்டும் கேட்பார்.  பிள்ளைகளுக்கு அவர் மிஸ். என்னைவிட ஆறு வயது சின்னவர் என்றாலும் கடைசிவரை எனக்கு வாங்க, போங்கதான்.

பூம்புகார்ப் பக்கம் கடலோரத்து ஊர் அவருக்கு. அப்பா படகுக்குப் போகிறவர், அம்மா மீன் கூடை சுமந்தவர். இங்கே மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக வேலை கிடைத்து வந்தார். வீடு கேட்டு வந்தபோது, பள்ளிக்கூடம் பெயரைக் கேட்டதோடு சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். என் மாமியார்தான், என்ன ஆளுங்கன்னு கேட்டியா, கருவாடு வறுத்தா வீடெல்லாம் நாறுமே என்று ஒரு வாரம் முனகினார். மூன்றாவது மாதம் அதே மாமியார், ஊருக்குப் போற பொண்ணுகிட்ட வாளைக் கருவாடு ரெண்டு கட்டு வாங்கிட்டு வரச் சொல்லு என்று என்னிடம் தூது அனுப்பினார். வாய் கெட்டது, நாக்கு நல்லது.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதிலும் ஒன்று மீதி வைக்க வேண்டும். ஐந்து இட்லிக்குப் பசி இருந்தால் நாலில் கை கழுவிவிடுவார். எங்கள் வீட்டு வாழைக்காய் பஜ்ஜி என்றால் அவருக்கு உயிர். தட்டில் கடைசி ஒன்று கிடக்கும்போது எழுந்துவிடுவார். சாப்பிடுங்களேன் என்றால், இன்னொன்று சாப்பிடலாம் போல இருக்கும்போது எழுந்திருப்பதுதான் ருசி என்பார். “நல்லாத்தான் பேசுறா, அந்த மீதி ஒண்ண யாரு திங்கிறது?” என்று மாமியார் அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

பேச்சிலும் அப்படித்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார். என் கையில் இருக்கிற ரவிக்கையை வாங்கி, சும்மா இருப்பானேன் என்று கொக்கி வைத்துக் கொடுப்பார். கடலைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி, பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாத கண்டக்டர்களைப் பற்றிச் சொல்வார். நான் மெஷினை நிறுத்திவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, சரியாக அந்த இடத்தில் எழுந்து மடியைத் தட்டிக்கொள்வார்.

“மீதி நாளைக்குக்கா.”

எனக்கு எரிச்சலாக வரும். மறுநாள் நாலரை மணிக்கே ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். மாமியாரோடு பேசுவதெல்லாம் பால், மாத்திரை, மழை. எனக்கென்று ஒரு ஆள் உட்கார்ந்து பேசியது அந்த இரண்டே கால் வருஷம்தான். இதை அவர் இருந்தபோது நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. குறை மாதத்தில் பிறந்தவள். புத்தியில் குறைவில்லை, வாய் எனக்கு மேல். உடம்புதான் துவண்டு துவண்டு போகும். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்க வகுப்பில் யாராவது வேண்டும். தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுவாள். தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். நோய் ஒன்றுமில்லை, தசைக்கு வேலை கொடுங்கள் என்றார். நான் தசையை விட்டுவிட்டு வாய்க்கு வேலை கொடுத்தேன். முட்டை, உளுந்தங்களி, முருங்கைக்கீரை சூப், டானிக். கன்னம் உப்பியது, கால் அப்படியே இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு ஸ்கூல் பஸ்தான். அதன் முதல் படி உயரம். மற்றப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறிவிடுவார்கள். இவள் முட்டியை வைத்து, கையை வைத்துத் தத்தளிப்பாள். அதற்குள் டிரைவர் ஹாரன் அடிப்பார். நான் இடுப்பைப் பிடித்துக் கீழேயிருந்து தூக்க, பஸ் ஆயா மேலேயிருந்து இழுக்க, தினமும் இதே கூத்து. ஜன்னலிலிருந்து ஒருத்தன், மூட்டை ஏத்தியாச்சா என்று கேட்பான். நெல் மூட்டை லாரியில் ஏறுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள், வேறென்ன சொல்வார்கள்? எல்லோரும் சிரிப்பார்கள். என் மகளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இவள் ஒரே ஒருநாள் அந்தப் படியில் தானாக ஏறிவிட்டால் போதும் என்று, மன்னார்குடியில் இருக்கிற எல்லாச் சாமிக்கும் விண்ணப்பம் போட்டேன். போதாததற்கு வேளாங்கண்ணி மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி.

ஒருநாள் பஸ் போனதும் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து அவர் குரல் கேட்டது.

“அக்கா, பாப்பா எத்தனை கிலோ?”

இருபது இருக்கும் என்றேன்.

“தினம் இருபது கிலோ தூக்குறீங்க. உங்க கை நல்லா பலமாயிட்டு வருது. அவ கைதான் அப்படியே இருக்கு.”

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாவது நாள் காலையில் என் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நானே மாடிக்குப் போனேன். அவர்தான் அதைக் கேட்டு அனுப்பியிருந்தார். பஸ் வந்ததும் கீழே இறங்கி வந்து, குனிந்து படியை அளந்தார். ரவிக்கைக்குத் தோள் அளப்பதுபோல் அவ்வளவு கவனமாக அளந்தார். பதினாறு அங்குலம். டிரைவர், என்ன டீச்சர் பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப்போறீங்களா என்று கேட்டார்.

அன்றைக்கே மொட்டைமாடியில் என் மகள் ஏறி இறங்கிப் பழக ஒரு பலகை வந்தது. இரண்டு செங்கல்லின் மேல் வைத்த பலகை, தரையிலிருந்து ஐந்து அங்குலம். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் குழாயில் தொங்குவதற்கு ஒரு துணி சுற்றி வைத்தார். மூன்றாவதாக ஒரு பை. பழைய ஜீன்ஸ் துணியில், இரண்டு கைப்பிடி வைத்து, நாலு தையல் போட்டு நான் தைத்துக் கொடுத்தேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்துகொள்ள, ஆளுக்கொரு பை ஆயிற்று. அவர் இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அதனாலேயே ஆளாளுக்குக் குறை சொன்னார்கள்.

மூன்று வாரம் வெறும் பையைத்தான் தூக்க வேண்டும். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பையை உடம்போடு ஒட்டினாற்போல் எடுத்து நிற்க வேண்டும். பிறகு அதேபோல் கீழே வைக்க வேண்டும். தூக்குவதைவிட வைப்பதைத்தான் அவர் அதிகம் பார்ப்பார். பொத்தென்று போட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். காலிப் பையைத் தூக்க எதற்கு மாடி ஏற வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்து நெல்லை மிஸ் ஒரு தொட்டியில் கொட்டி வைத்தார். அந்த வாரம் முழுக்க ஒழுங்காகத் தூக்கி ஒழுங்காக வைத்த பிள்ளை, தன் கையால் ஒரே ஒரு கை நெல்லை அள்ளித் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். அவர் கையால் போட மாட்டார். பிள்ளையின் கை எவ்வளவோ அவ்வளவுதான் அதற்கு. முதுகு வளைந்தால் ஒரு கை எடுத்துவிட வேண்டும்.

தூக்கும்போது அவர்தான் எண்ணுவார். அன்றைக்குப் பிள்ளைக்கு ஒன்பது முடியும் என்றால் எட்டில், “வை” என்பார். மிஸ், இன்னும் ஒண்ணு, ப்ளீஸ் மிஸ் என்று கெஞ்சும். அசையமாட்டார். “அந்த ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு அதோட வா.” மறுநாள் காலை ஐந்தரைக்கே கேட்டில் பிள்ளைகள் நிற்கும். எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக் காத்திருக்கிற நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன் என்று.

ஆறு மாதம் ஆகியும் என் மகளின் பை ஒரு கிலோவைத் தாண்டவில்லை. ஆனால் பலகை ஒன்பது அங்குலத்துக்கு வந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் தானே திறந்தாள். ஒருநாள் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது, தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். நான் மெஷினில் உட்கார்ந்தபடி அழுதேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? என் நாத்தனார் வந்திருந்தபோது, எடை தூக்கினால் பெண்பிள்ளை வளராது என்றார். மாடியைக் காட்டி, அவளையே பாரு, எவ்வளவு குள்ளம், அத்தாட்சி வேற வேணுமா என்றார். நான் வெட்கம்கெட்டுப்போய் இதை அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் கொக்கி வைத்துக்கொண்டே சிரித்தார். “எங்க அம்மா என் தோளுக்கு வரும். எங்க அப்பா அம்மா தோளுக்கு வருவாரு. வாழைக்கன்னு வச்சா தென்னையாவா வரும்?”

அதற்குப் பிறகு ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தார். அவர் ஊரில் பத்து வயதுப் பிள்ளை தலையில் மீன் கூடையோடு இரண்டு மைல் நடக்கும், அதைப் பார்த்து எல்லோரும் என்ன பலம் என்பார்கள் என்று சொன்னார். “அது பலம் இல்லக்கா, தேய்மானம். ஏத்தி விட ஆள் இருக்கும். ‘போதும், இறக்கு’ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்காது.” அன்றைக்கு அதோடு எழுந்துவிட்டார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மாசியில் சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் விற்க முறை வரும்வரை களத்தில் குவித்துப் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் போனோம். நிலத்தைப் பார்த்துக்கொள்கிற என் கொழுந்தனாரும், அவர் மனைவியும், அவர் மகனும், நாத்தனாரும் இருந்தார்கள். கொழுந்தனார் மகன் என் மகளைவிட ஒரு வயது பெரியவன். அவன் கால் பாகம் நிரம்பிய சிப்பம் ஒன்றை, அதாவது நாற்பது கிலோ பிடிக்கிற சாக்கில் பத்து கிலோவை, வயிற்றோடு அணைத்துத் தூக்கி நாலடி நடந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கொழுந்தனார் என்னைப் பார்த்து, மாடியில என்னமோ தூக்குறாளாமே, இங்க ஒண்ணு தூக்கச் சொல்லுங்க அண்ணி பாப்போம் என்றார்.

சும்மா சொன்னார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அந்த பஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது. மூட்டை ஏத்தியாச்சா என்று கேட்டவன், சிரித்த பிள்ளைகள், கூடச் சிரித்த என் மகள். சிங்கப்பூருக்கு வீடியோ கால் போட்டு, இந்தா பாருங்க உங்க பொண்ணை என்று செல்லைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “மிஸ் சொல்லலையேம்மா.”

“மிஸ் என்ன சொல்றது, நான் சொல்றேன். மாடியில தூக்குற அதே நெல்லுதானே? தூக்கு.”

அதே நெல்தான். அதே வயல்தான். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் இதுவரை சொன்னதில்லை. அவள் முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மிஸ் சொல்லிக்கொடுத்தபடியே அந்தச் சிப்பத்தைப் பிடித்தாள். எப்படியோ நெஞ்சுவரை வந்துவிட்டது. இரண்டடி நடந்தாள். கைதட்டினார்கள், செல்லில் அவள் அப்பா கைதட்டினார். பிறகு அவள் மூட்டையைப் போடவில்லை. போட்டால் மிஸ் திட்டுவார் என்று நினைத்திருக்கிறாள். ஒழுங்காக வைக்கப் பார்த்து, அதோடேயே மடங்கி உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பில் ஒன்றுமில்லை, இடுப்பில் பிடிப்பு, இரண்டு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். இடுப்பு இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. பையைத்தான் அவள் தொட மாட்டேன் என்றாள். பலகையைப் பார்த்தால் வயிறு வலிக்கிறது என்றாள். பஸ் வந்ததும் படிக்கு முன்னால் நின்று, கைக்குழந்தை மாதிரி இரண்டு கையையும் என்னிடம் தூக்கிக் காட்டினாள். ஏழு மாதம் போன இடம் தெரியவில்லை.

மேலே மிஸ்ஸிடம், மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தேன். எத்தனை நாளுக்கு அது நிற்கும்? அவர் ஒரு சாயங்காலம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொக்கி வைக்க ரவிக்கை கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவ தூக்குறப்ப முகத்தைப் பாத்தீங்களாக்கா?”

பார்க்கவில்லை. நான் செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவள் முகம் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது.  அவர் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, உங்க அளவுக்கு ஒரு பை தச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மேல வாங்க என்றார்.

முப்பத்தாறு வயதில், சுடிதார் மாட்டிக்கொண்டு, காலிப் பையோடு மொட்டைமாடியில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். என் மகளை மிஸ் எதுவும் செய்யச் சொல்லவில்லை. உங்க அம்மாவுக்குக் கொஞ்சம் எண்ணிக்கை சொல்லு என்று மட்டும் சொன்னார். நான் முட்டியை மடக்கினால் முதுகு வளைந்தது. முதுகை நிமிர்த்தினால் பின்பக்கம் சாய்ந்தேன். இரண்டாவது தடவை அப்படியே மல்லாந்துவிட்டேன். என் மகள் சிரித்தாள். அந்த ஜன்னலோரச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் எழுந்து வந்து, இப்படி இல்லம்மா, இங்க பாரு என்று தன் பையை எடுத்துக் கவிழ்த்து, இருந்த நெல்லையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் பையைத் தூக்கிக் காட்டினாள். நான் ஆறு முடித்து ஏழுக்குக் குனிந்தபோது, “வைம்மா” என்றாள். இன்னும் ஒண்ணு முடியும்டி என்றேன். அது உன்கிட்டயே இருக்கட்டும் என்றாள். மிஸ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக் குழாயில் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நெடுநேரம் சரிசெய்தார்.

அப்படியாகத் தாயும் மகளும் காலிப் பையிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். பங்குனி, சித்திரை, வைகாசி. பலகை ஒன்பதாயிற்று, பன்னிரண்டாயிற்று, கோடை விடுமுறையில் ஒருநாள் பதினாறாயிற்று. பள்ளிக்கூடம் திறந்த அன்று பஸ் வந்தது. பழக்கதோஷத்தில் நான் இடுப்பைப் பிடிக்கக் குனிந்தேன். “கையை எடும்மா” என்றாள். கம்பியைப் பிடித்தாள், வலது காலை வைத்தாள், ஏறினாள். ஆயா கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. ஜன்னலில் ஒருத்தரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லையே, ஒரு பிள்ளை பஸ்ஸில் ஏறியது, அவ்வளவுதான்.

நான் மேலே பார்த்தேன். வாயில் பல்பொடி நுரையோடு கைப்பிடிச் சுவரில் நின்றிருந்தார். கைதட்டவில்லை, கைகூட அசைக்கவில்லை. பஸ் நகர்ந்ததும் உள்ளே போய்விட்டார். குதிகால் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்குப் பத்து வயதில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவும் அவரும் ஆளுக்கொரு கூடையோடு பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். அம்மா முன்னால், இவர் பின்னால். பாதி வழியில் இவருக்கு முடியவில்லை. “கூடையை ரோட்டு ஓரமா இறக்கி வச்சிட்டேன்க்கா. நானா வச்சதுதான், யாரும் சொல்லல. அம்மா நின்னு திரும்பிப் பாத்துச்சு.”

நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அவர் எழுந்து மடியைத் தட்டினார்.

“மீதி நாளைக்கு.”

மறுநாள் வியாழக்கிழமை வந்தபோது கதை சொல்ல வரவில்லை. வெகுதூரத்தில், மேற்கே ஒரு ஊரில் அரசுப் பள்ளியில் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, திங்கட்கிழமை சேர வேண்டும், சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றார். நல்ல வேலை, நிரந்தர வேலை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு வந்ததோ கோபம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் பிடித்தாலும் திங்கட்கிழமை காலையில் போய்ச் சேரலாமே, பிள்ளைகள் நெல் போடுகிற நாள், அதை முடித்துவிட்டுப் போகக் கூடாதா என்றேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளுக்காகக் கேட்பதுபோல் எனக்காகத்தான் கேட்டேன். அவருக்கும் அது தெரியும்.

“இன்னும் ஒண்ணு இருக்கும்போதே வச்சிடணும்க்கா. அப்பதான் முதுகு பிடிக்காது.”

“வச்சிட்டுப் போறதுக்கு நான் என்ன நெல்லுப் பையா?” என்று கேட்டுவிட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் ஒருமாதிரி ஆயிற்று. தைத்து முடிக்காத ரவிக்கையை என் மடியிலிருந்து எடுத்து, மிச்சமிருந்த கொக்கிகளை வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் எல்லாக் கொக்கியையும் வைத்துவிட்டுத்தான் எழுந்தார். சனிக்கிழமை ஆட்டோ வந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டேன். என் மகளின் தோளைப் பிடித்து, முதுகு என்று ஒரு வார்த்தை சொல்லி நிமிர்த்திவிட்டுப் போய்விட்டார்.

இப்போது என் மகள் பத்தாவது படிக்கிறாள். என்னைவிட அரைச் சாண் உயரம். நாத்தனார் வந்தால் அவளை எதிரில் நிற்கவைத்துத்தான் காபி கொடுப்பேன். மிஸ் தீபாவளிக்குப் போன் செய்வார். மகளோடு பேசுவார், மாமியாருக்கு முட்டிவலி எப்படி என்பார், என்னோடு நாலு நிமிஷம் பேசுவார், பேச்சு சூடு பிடிக்கிற இடத்தில் சரிக்கா வைக்கிறேன் என்பார். ரோட்டோரத்தில் கூடையை இறக்கி வைத்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்த அந்த அம்மா என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போனில் கேட்கலாம்தான். ஆனால் அது போனில் கேட்கிற விஷயமா? மெஷினுக்குப் பக்கத்தில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல வேண்டியது அது. ஸ்டூலை இன்னும் நான் எடுக்கவில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் அதில் பையை வைக்கிறார்கள்.

அவர் போன மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, மாடிப் படியில் காலடி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன். மணி ஐந்தே முக்கால். மேலே போனேன். என் மகள் தனியாக நின்றிருந்தாள். மற்றப் பிள்ளைகள் வரவில்லை. தொட்டியிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளித் தன் பையில் போட்டாள். முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கினாள். தானே எண்ணினாள். எட்டு முடிந்தது. அவளுக்கு ஒன்பதும் முடியும், எனக்குத் தெரிந்தது. நின்று யோசித்தாள். பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, பசிக்குதும்மா, தோசை ஊத்து என்று என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் என் பையை எடுத்தேன். ஒரு கை நெல் போட்டேன். தூக்கினேன். எட்டு வந்தது, வைக்கவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. முதுகு வளைவது தெரிந்தது. பதினான்கில் முட்டியை மடக்காமலே குனிந்தேன். அப்போதும் தூக்கினேன். யாராவது “வை” என்று சொல்லட்டும் என்று தூக்கிக்கொண்டே இருந்தேன்.